பதிவேட்டின் ஓரத்தில் தொடங்கும் தேடல்: நீலகிரியிலிருந்து அமெரிக்கா சென்ற கத்தோலிக்கப் பெண்ணின் வரலாற்றைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் குடியேறிய ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் வரலாற்றைத் தேட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கணினியின் முன் உட்கார்ந்து, அவருடைய பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் எழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் பாட்டியின் தங்கை குன்னூரில் பிறந்தவர். செவிலியர் படிப்பு முடித்து அமெரிக்கா போனவர். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அவர் எந்த ஊரில் வாழ்ந்தார், யாரை மணந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய தடம் கிடைத்த இடம் அமெரிக்கா அன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பதிவேட்டில், அவருடைய பெயருக்கு நேராக, பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஒன்றரை வரிக் குறிப்பில்தான் அது கிடைத்தது. ஒரு தேதி, ஒரு கோயிலின் பெயர், ஓர் அமெரிக்க நகரத்தின் பெயர், மாப்பிள்ளையின் பெயர் ஆகியவை அதில் இருந்தன. எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாகத் தேடிய செய்தி, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மர அலமாரிக்குள் இருந்திருக்கிறது.

அந்த ஓரக் குறிப்பு எப்படி வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த வழிமுறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 1907-இல் ரோமாபுரி வெளியிட்ட ‘நே தேமெரே’ என்னும் ஆணை 1908 உயிர்ப்புத் திருநாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குக் கோயிலில் திருமணம் நடந்தால், அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு (ஒரு தலைமைக் கோயிலும் அதைச் சேர்ந்த வட்டாரமும்) எழுதி அனுப்ப வேண்டும் என்றும், அங்குள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில் அதைக் குறித்துவைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பும் இந்த விதியைத் தொடர்ந்து காத்துவந்துள்ளன. ஆகவே, குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஞானஸ்நானம் பெற்ற பெண் உலகின் எந்த மூலையில் கோயில் திருமணம் செய்துகொண்டாலும், அந்தத் திருமணத்தின் அறிவிப்பு மலையேறி வந்திருக்க வேண்டும். எல்லாப் பங்குத்தந்தையரும் தவறாமல் அனுப்பினார்கள் என்றோ, வந்த அறிவிப்புகள் அனைத்தும் ஏட்டில் ஏறின என்றோ சொல்ல முடியாது. ஆயினும், ஒரு பெண்ணின் பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவைக்கும் ஆவணம் இதைப்போல வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

பங்கு அலுவலகத்துக்குப் போவதற்குமுன் வீட்டில் உள்ளவற்றை ஒரு மேசைமேல் பரப்புங்கள். பழைய நீல நிற விமான அஞ்சல்கள் கிடைத்தால், உள்ளே எழுதியிருப்பதைவிட மேலே குத்தியிருக்கும் அஞ்சல் முத்திரையையும் அனுப்புநர் முகவரியையும் கவனமாகப் பாருங்கள். அமெரிக்க அஞ்சல் துறை 1963 ஜூலையில் ஐந்து இலக்கக் குறியீட்டெண்ணை அறிமுகப்படுத்தியது. முகவரியில் தெருப்பெயர் அழிந்துபோயிருந்தாலும் அந்த ஐந்து இலக்கங்கள் மட்டும் எஞ்சியிருந்தால் போதும், அவர் வாழ்ந்த வட்டாரம் தெரிந்துவிடும். அந்த வட்டாரத்தில் அன்று இருந்த கத்தோலிக்கப் பங்குகள் எவை என்று தேடுவதும் எளிதாகிவிடும். அக்காலத்து அமெரிக்கப் புகைப்படங்கள் பலவற்றின் வெள்ளை விளிம்பில் மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் செபப் புத்தகத்துக்குள் இருந்த ஒரு படத்தில் சின்னப் பாட்டி பனியில் நிற்கிறார். சேலைமேல் ஆண்கள் அணியும் கனத்த கோட்டு ஒன்று, காலில் சாதாரணச் செருப்பு. அவர் அங்கே கழித்த முதல் குளிர்காலம் எது என்பதை அந்தப் படத்தின் விளிம்புதான் எங்களுக்குச் சொன்னது. நினைவு நாள் அட்டைகள், புதுநன்மைப் படங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கத் தவறாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது, “பாட்டி எந்த வருடம் அமெரிக்கா போனார்?” என்று கேட்டால் பதில் வராது. “அவர் போகும்போது யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது? யார் கைக்குழந்தை? பஸ் நிலையம் வரைக்கும் யார் போனார்கள்?” என்று கேளுங்கள். ஞானஸ்நானத்தின்போது அவருக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தாய் யார், ஞானத்தந்தை யார் என்றும் கேளுங்கள். ஒரே பெயருடைய இரண்டு குழந்தைகள் பதிவேட்டில் அடுத்தடுத்து வரும்போது, நம் குழந்தையை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ஞானப்பெற்றோரின் பெயர்களே.

அடுத்து, எந்தக் கோயில் என்பதை முடிவுசெய்ய வேண்டும். நீலகிரியில் இதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுப்பே மறைமாவட்டம். உதகை மறைமாவட்டம் 1955 ஜூலையில்தான் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலை கோயம்புத்தூர் மேற்றிராணியாரின் (ஆயரின்) ஆளுகைக்குள் இருந்தது. அதனால் 1955-க்குச் சற்றுமுன் குன்னூரில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானச் சான்றிதழின் தலைப்பில் மைசூர் மறைமாவட்டம் என்று இருக்கக்கூடும். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள் அந்த ஒரு சொல்லை நம்பி மைசூருக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பார்கள். இதற்கு இணையான இன்னொரு குழப்பம் ‘மெட்ராஸ்’ என்னும் சொல். 1969 ஜனவரி 14 வரை நம் மாநிலத்தின் பெயரே மெட்ராஸ்தான். அமெரிக்கத் தாள்களில் பிறந்த இடம் ‘மெட்ராஸ், இந்தியா’ என்று இருந்தால், அது சென்னை நகரத்தைக் குறிக்காமல் நீலகிரி உள்ளிட்ட மாநிலத்தையும் குறித்திருக்கலாம். சென்னைக் கோயில்களில் தேடிக் களைத்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எஸ்டேட் குடும்பங்களுக்குத் தனிக் கோயில் இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு பங்குக்கு உட்பட்ட கிளைக் கோயில்களுக்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்து, அங்கேயே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு தலைமைப் பங்கின் ஏட்டில் எழுதுவார். எனவே, லயன் வீடு இருந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் காலத்தில் அது எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று உபதேசியாரிடமோ மூத்த கோயில்பிள்ளையிடமோ கேட்பது நல்லது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிக் கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறிய குடும்பமாக இருந்தால், பிறப்புப் பதிவு இலங்கையின் மலையகப் பங்கு ஒன்றில் இருக்கும். தாயகம் திரும்பியோருக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையைத் தேடி எடுங்கள்; ஊரும் வயதும் அதில் கிடைக்கும்.

பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாக் காலமும் அல்லாத நாளில் போங்கள். நான் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கேட்காமல் நின்றதால் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. மூன்றாம் முறை, தேடும் பெயர், உறவுமுறை, தோராயமான ஆண்டு ஆகியவற்றை எழுதி, என் அடையாள அட்டையின் நகலோடு கொடுத்தபோது ஏட்டை எடுத்துத் தந்தார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு உகந்தவை. ஐப்பசி மழையில் குன்னூர்க் காகிதம் ஈரம் குடித்துப் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருக்கும். விரலால் பிரித்தால் மையோடு சேர்ந்து உரிந்து வரும். இராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களை நீங்களே புரட்டாமல், அலுவலகத்தாரைப் புரட்டச் சொல்லுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளுவதும், பளிச்சென்ற விளக்கொளியோடு படம் எடுப்பதும் கூடாது. படம் எடுப்பதற்கு முதலில் அனுமதி கேளுங்கள். படம் எடுக்கும்போது உங்கள் உறவினரின் வரியை மட்டும் எடுக்காமல், ஓரத்தையும் பக்க எண்ணையும் சேர்த்து முழுப் பக்கமாக எடுங்கள்.

1960-களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (திருச்சபையின் பொதுச் சங்கம்) முந்தைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். அஞ்ச வேண்டியதில்லை, பத்துச் சொற்கள் தெரிந்தால் ஏட்டைப் படித்துவிடலாம். ‘நாட்டா’ என்றால் பிறந்தவள், ‘ஃபிலியா’ என்றால் மகள், ‘பத்ரீனுஸ்’ ஞானத்தந்தை, ‘மத்ரீனா’ ஞானத்தாய், ‘மாத்ரிமோனியும்’ திருமணம். கடினம் பெயர்களில்தான் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் புனிதர்களின் பெயர்களைத் தமிழாக்கியே வழங்கிவந்ததால், வீட்டில் ஒரு பெயரும் ஏட்டில் அதன் லத்தீன் வடிவமும் இருக்கும். ராயப்பன் ஏட்டில் பேத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேஃபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். பெண்களில் அமலோற்பவம் இம்மாகுலாத்தா ஆவார். வியாகுலம் தோலோரெஸ், செபமாலை ரொசாரியோ. இதே பெயர் அமெரிக்காவுக்குப் போனபின் மூன்றாவது உருவம் எடுக்கிறது. ஆரோக்கியம் என்ற பெயரின் நடுவிலுள்ள ஒலியை ஒருவர் கே என்றும், ஒருவர் சி, கே சேர்த்தும், இன்னொருவர் ஜி என்றும் எழுதியிருப்பார்கள். மேலும், நம் பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தாக இருந்த தகப்பனார் பெயர் கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப் பெயராகி, திருமணத்துக்குப் பின் அதுவும் போய்க் கணவரின் பெயர் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு தாளில் அவருடைய பெயருக்கு வரக்கூடிய எல்லா வடிவங்களையும், தகப்பனாரின் பெயருக்கு வரக்கூடிய எல்லா வடிவங்களையும் முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள். எங்கள் தாளில் பதினேழு வடிவங்கள் சேர்ந்தன. அவற்றில் நாங்கள் நினைத்தே பார்த்திராத ஒன்றுதான் கடைசியில் சரியாக இருந்தது.

ஓரக் குறிப்பில் அமெரிக்கப் பங்கின் பெயர் கிடைத்துவிட்டால், அந்தப் பங்குக்கே ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெண்ணின் பெயர் ஏட்டில் உள்ளபடி, ஞானஸ்நானத் தேதி, நீலகிரிப் பங்கின் பெயர், திருமணத் தேதி, கணவரின் பெயர், நீங்கள் யார் என்பது ஆகியவை போதும். குடும்பக் கதையை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவார்கள்; நாம் 3-5 என்று எழுதிய மே 3, அங்கே மார்ச் 5 ஆகிவிடும். எங்கள் முதல் கடிதம் “அப்படி ஒரு திருமணம் எங்கள் ஏட்டில் இல்லை” என்ற பதிலோடு வந்ததற்கு இதுவே காரணம். அந்தப் பங்கு மூடப்பட்டோ வேறு பங்கோடு இணைக்கப்பட்டோ இருந்தால் மனம் தளர வேண்டாம். அதன் ஏடுகள் இணைந்த பங்குக்கோ மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கோ போயிருக்கும். திருமண ஏட்டிலிருந்து பிள்ளைகளின் ஞானஸ்நான ஏட்டுக்கும், அங்கிருந்து கல்லறைப் பதிவுக்கும் போகலாம். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களை அங்கே பல இடங்களில் மறைமாவட்டமே நிர்வகிக்கிறது. ஒரே கல்லறையில் அடக்கமானவர்களின் பட்டியல் ஒரு குடும்பத்தையே உங்கள்முன் நிறுத்திவிடும்.

ஓரக் குறிப்பு இல்லாவிட்டால் அமெரிக்க அரசின் ஆவணங்களுக்குப் போக வேண்டும். அவர் எப்போது போனார் என்பதைப் பொறுத்தே எந்த ஆவணம் என்பது அமையும். அமெரிக்காவின் 1917-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியர்கள் குடியேறுவதை அநேகமாக அடைத்துவிட்டது. 1946 ஜூலையில் வந்த லூஸ் – செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு இடம் கொடுத்து, குடியுரிமை பெறும் தகுதியையும் தந்தது. 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால்தான் கதவு உண்மையில் திறந்தது. நம் மலையிலிருந்து செவிலியராகப் போன பெண்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு போனவர்களே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரரை மணந்து சென்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக இருந்தால், 1945 டிசம்பரின் போர் மணமகள் சட்டத்தையொட்டிய ஆவணங்களையும் பார்க்க வேண்டும்.

1944 ஏப்ரலுக்குப் பின் குடியேறிய ஒவ்வொருவருக்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறை ‘ஏ-ஃபைல்’ என்று ஒரு கோப்பைத் தொடங்கியது. புகைப்படம், விசா விண்ணப்பம், பிறப்புச் சான்று எல்லாம் அதில் இருக்கும். அக்காலத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத நம்மவர் பலர் ஞானஸ்நானச் சான்றிதழையோ, பெரியவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையோ கொடுத்திருப்பார்கள். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து அமெரிக்க அரசின் கோப்பில் இருக்க வாய்ப்புண்டு. குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றிக்கொள்ள அங்கே வழியிருந்ததால், குடியுரிமை விண்ணப்பத்தையும் தவறாமல் கேளுங்கள். இவற்றைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி கேட்பதற்கு நீங்கள் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும்.

என் அனுபவத்தில் இதைவிட மதிப்புள்ளது ‘எஸ்எஸ்-5’ என்னும் சமூகப் பாதுகாப்பு எண் விண்ணப்பம். வேலைக்குச் சேரும் எவரும் அதை நிரப்பியாக வேண்டும். தகப்பனார் பெயரோடு, தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் அது கேட்கிறது. அமெரிக்கப் பெண்கள் அந்தக் கட்டத்தில் தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை எழுதுவார்கள். நம் பெண்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால், தாயாரின் சொந்தப் பெயரையே எழுதியிருப்பார்கள். தன் பெயரும் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் உருமாறிப்போன ஒரு பெண், தன் கையால், தன் தாயின் பெயரை மாற்றாமல் எழுதிவைத்த இடம் அது. நீலகிரி ஏட்டிலுள்ள தாய்ப்பெயரும் அந்தத் தாளிலுள்ள தாய்ப்பெயரும் பொருந்தினால் அவர் நம்மவரே என்று உறுதியாகச் சொல்லலாம்; பொருந்தாவிட்டால், மற்றவை எவ்வளவு பொருந்தினாலும் அவசரப்பட்டு உறவு கொண்டாடாதீர்கள். பெற்றோர் பெயர்களை மறைத்து நகல் அனுப்பும் வழக்கமும் அந்தத் துறைக்கு உண்டு. ஆகவே பெற்றோர் இருவரும் இறந்ததற்கான சான்றையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.

கன்னியராக, அதாவது துறவறச் சபையின் சகோதரியாகப் போனவர் என்றால் வழி வேறு. வாழ்நாள் முழுவதும் சபையில் இருப்பதாக அவர் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாடும் ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டிய ஒன்றுதான். சபையில் அவருக்குப் புதுப்பெயர் கொடுத்திருப்பார்கள் என்பதால், சபைக் காப்பகத்துக்கு எழுதும்போது வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். நீலகிரிக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. மரியாளின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை 1877 ஜனவரியில் ரோமாபுரியின் ஒப்புதலைப் பெற்றபோது, அதன் முதல் சகோதரிகள் உதகையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அச்சபைக்கு அமெரிக்காவிலும் இல்லங்கள் உண்டு.

பழைய ஏடுகளில் சாதி குறிக்கப்பட்டிருப்பதையும், தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகளின் பதிவுகளையும் காண நேரிடும். அவற்றை உங்கள் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர்களையும் பிறந்த தேதிகளையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதி ஏட்டோடு மாறுபட்டால் ஏட்டையே நம்புங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அக்காலத்தில் வழக்கம்.

கிடைத்த ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எந்த ஏட்டின் எந்தப் பக்கம், யார் எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதிவையுங்கள். எல்லாம் முடிந்தபின் மூன்று நகல்கள் எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றை அமெரிக்க உறவினரிடமும், ஒன்றைப் பங்குத்தந்தையிடமும் கொடுங்கள். திருமண அறிவிப்பு வந்து சேராமல் ஓரம் வெறுமையாக இருந்த பதிவு என்றால், அமெரிக்கப் பங்கிலிருந்து பெற்ற திருமணச் சான்றிதழைக் காட்டி, அதை ஏட்டில் குறிக்கும்படி கேளுங்கள். சின்னப் பாட்டியைப் போலவே அமெரிக்காவில் மணந்த அவருடைய தங்கைக்கு அப்படித்தான் செய்தோம். பங்குத்தந்தை தேதியைச் சரிபார்த்து, எங்கள் கண்முன்னே, பெயருக்கு நேராக இடப்பக்க ஓரத்தில் எழுதினார்.